றபீக் நானாவின் ‘இல்லை’

கணினி மாதிரியை எப்படிக் கட்டுவது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு கிழமை காத்திருந்து ஓட்டிய கணக்கை நீங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஓட்டிவிடுகிறீர்கள். சென்ற மாதம் உங்கள் கடலாராய்ச்சி அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து பெருமையோடு காட்டினார். கடல் முழுவதும் நிறம் தீட்டியிருந்தது. ஓர் இடம்கூட வெள்ளையாக இல்லை. “எல்லா இடத்துக்கும் தரவு கிடைத்ததா?” என்று கேட்டேன். “கிடைக்காத இடத்துக்குப் பூச்சியம் போட்டுவிட்டேன், மிஸ்” என்றார். எனக்கு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தக் கோபம் அவர்மேல் அல்ல. அதே வேலையை அவரைவிடத் திறமாகச் செய்து, ஒரு மனிதரை விசாரணை வாகனத்தில் ஏற்றப் பார்த்தவள் நான். அந்தக் கதையைச் சொல்லாமல் வீட்டில் சும்மா இருப்பது சரியில்லை என்று பட்டது.

அது யுத்த காலம். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு அறைகள் இருந்தன. ஒன்றில் நுணுக்குக்காட்டியும் போத்தல்களும். மற்றதில் ஒரு கணினியும் நானும். மின்சாரம் இருக்கும் நேரத்தில் கணக்கு ஓடும். இல்லாத நேரத்தில் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கலாமே தவிர, எங்களுக்குக் கடலில் இறங்க அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

என் வேலை, நைதரசனைப் பிடிக்கும் பிளாந்தன்கள் கடலில் எங்கெங்கே வாழும் என்று கண்டுபிடிப்பது. கடலில் மிதக்கும் மிக நுண்ணிய உயிர்கள் இவை. காற்றில் கிடக்கும் நைதரசனைப் பிடித்து, மற்ற உயிர்களுக்குப் பயன்படும் உரமாக மாற்றிவிடுகின்றன. தோப்பூர் வயலுக்கு நாம் யூரியா போடுகிறோம். கடலுக்கு யார் போடுவது? இவைதான். காற்று விழுந்து வெயில் காயும் நாட்களில் இவை திரண்டு மேலே வந்து பழுப்பு நிறப் படலமாக மிதக்கும். மீனவர்கள் அதைப் பார்த்து, “மரத்தூள் கொட்டினமாதிரி” என்பார்கள். நான் எழுதிய எல்லா அறிக்கைகளையும்விட நல்ல விவரணம் அதுதான்.

கடலுக்கு நான் போக முடியாததால், போகிறவர்களிடம் புத்தகங்களைக் கொடுத்தேன். புல்மோட்டையிலிருந்து ஈச்சிலம்பற்று வரை ஐந்து படகுகளுக்கு ஐந்து புத்தகங்கள். ஒவ்வொருவருடைய கடலையும் ஆறு கட்டங்களாகப் பிரித்தேன். தினமும் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரே, மரத்தூள் கிடந்ததா, எவ்வளவு என்று எழுத வேண்டும். நால்வர் நினைத்தபோது எழுதினார்கள். ஒரு நாளும் தவறாமல் எழுதியவர் கிண்ணியாவைச் சேர்ந்த றபீக். அவருக்கு என் வயதுதான். ஆனாலும் மரியாதைக்கு, அண்ணன் முறையில், நானா என்பேன். அவர் என்னை மிஸ் என்பார். நீர் எடுப்பதற்குப் போத்தல்களும், எடுத்தது கெடாமல் இருக்க அயடின் கரைசலும் கொடுத்து, ‘இவர் எங்களுக்காகக் கடல்நீர் எடுக்கிறார்’ என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவரிடம் எனக்கு ஒரேயொரு குறை இருந்தது. நீளமாக எழுதுவார். கட்டத்தை விட்டு எழுத்து வெளியே வழியும். எனக்குத்தான் எல்லாம் நேர்த்தியாக இருக்க வேண்டுமே! ஒருமுறை சற்றுக் காரமாகவே ஏசினேன். அதன்பிறகு சுருக்கமாக எழுதத் தொடங்கினார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த நாட்களில் மீனவர்கள் படையினரிடம் பாஸ் எடுத்துத்தான் கடலுக்குப் போக வேண்டும். பாஸ் இருந்தாலும் ஓர் எல்லைக்கு அப்பால் போகக் கூடாது. அந்த எல்லை அடிக்கடி இடம் மாறும். நான் கட்டங்களைக் கீறியபோது அது தூரத்தில் இருந்தது. புத்தகங்களைக் கொடுப்பதற்குள் கரையை நோக்கி வந்துவிட்டது. நானா படகோட்டிய கடலில் முதல் நான்கு கட்டங்கள் எல்லைக்கு உள்ளேயும், ஐந்தும் ஆறும் வெளியேயும் விழுந்துவிட்டன. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் ஊரில் தெரிந்ததெல்லாம் எனக்கு மறந்துபோகும்.

ஒன்றரை வருடத் தரவு சேர்ந்தது. வெப்பநிலை, உப்புத்தன்மை, காற்று எல்லாவற்றையும் சேர்த்து மாதிரியை ஓட்டினேன். வந்த வரைபடத்தைப் பார்த்து நானே கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கரையோரத்தில் அடர்த்தியாக வாழும் உயிர்கள், ஒரு குறிப்பிட்ட தூரத்தில் கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டன. அதற்கு அப்பால் ஒன்றுமேயில்லை. ஏன்? காரணத்தை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். இவற்றுக்கு இரும்பு நிறைய வேண்டும். புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலில் இரும்பு இருக்கிறது. நீரோட்டம் அதைக் கரையோரமாகக் கொண்டுவருகிறது. தூரம் கூடக்கூட இரும்பு குறைகிறது. அதனால்தான் அவை அங்கே வாழவில்லை. எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்! படித்த மூளைக்குப் பிழையான விடை கிடைத்தால் அதற்கும் ஒரு சோக்கான காரணம் சொல்லிவிடும். கொழும்பில் இருந்த எங்கள் பகுதித் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு, என் கையெழுத்தோடு, கடலோடு தொடர்புள்ள அலுவலகங்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

சித்திரை மாதம். கச்சான் காற்று தொடங்கவில்லை. கடலில் அசைவே இல்லை. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“மிஸ், உங்கட கடிதத்தோட ஒரு ஆளைப் பிடிச்சு வைச்சிருக்கினம். ஐயா உங்களை உடன வரட்டாம்” என்றார், துறைமுகப் பக்கத்துப் பாதுகாப்பு நிலையத்தின் மொழிபெயர்ப்பாளர்.

ஓட்டோ பிடித்துப் போனேன். றபீக் நானா வாங்கில் உட்கார்ந்திருந்தார். உடுத்திருந்த சாரம் ஈரம். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது.

“வந்திட்டீங்களா மிஸ்! நான் சொல்லச் சொல்ல இவங்க நம்புறாங்க இல்ல. நீங்க ஒரு சொல் சொன்னாப் போதும்” என்றார்.

பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர். எனக்குக் கதிரை தந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் சிங்களம் கடைத்தெருவைத் தாண்டாது. ஆகவே ஆங்கிலத்தில் பேசினோம். மேசையில் என் போத்தல்கள் மூன்று, பழுப்பு நீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் கான், என் கடிதம், நானாவின் புத்தகம். அவருக்குப் பின்னால் சுவரில் என் வரைபடம்.

நடந்தது இதுதான். அன்று காலை ரோந்துப் படகு, எல்லைக்கு அப்பால், கப்பல்கள் நங்கூரமிடும் இடத்தை நோக்கி நீளமான பழுப்புப் படலம் மிதப்பதைக் கண்டிருக்கிறது. எல்லையின் ஓரத்தில் நானாவின் படகு. படகுக்குள் பழுப்பு நிறத் திரவம், மருந்து வாடை. ஏதோ இரசாயனத்தைக் கப்பல்கள் பக்கம் கொட்டுகிறார் என்று பிடித்துவிட்டார்கள்.

“உங்கள் கடிதத்தை நம்ப நான் தயார். ஆனால் இதையும் பாருங்கள்” என்று அதிகாரி சுவரைக் காட்டினார். “அந்த இடத்தில் உங்கள் உயிர்கள் வாழாது என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வாழாத ஒன்று எப்படி வந்தது? யாரோ கொட்டியிருக்க வேண்டும். இவருடைய புத்தகத்தையும் மொழிபெயர்ப்பாளரை வாசிக்கச் சொன்னேன். இன்று காலைக்கு, ஐந்தாம் ஆறாம் கட்டங்களில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். கண்ணெதிரே கிடந்ததை ஏன் மறைத்தார்?”

இரண்டு மணிக்குக் கொழும்புக்கு வாகனம் போகிறது, மேல்விசாரணைக்கு அவரை அதில் அனுப்பப் போகிறேன் என்றார். அந்தக் காலத்தில் அப்படிப் போவது என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டில் கேளுங்கள். போனவர் எப்போது வருவார் என்று போனவருக்கும் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது. நானாவின் வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள்.

இப்போது ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லப் போகிறேன். அந்தக் கதிரையில் உட்கார்ந்து, ஒரு நிமிடம், நான் றபீக் நானாவைச் சந்தேகித்தேன். என் வரைபடத்தை அல்ல, அவரை. இரும்பு அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்ததே! அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் வெறுப்பு வரும்.

முதலில் கையில் இருந்ததைச் சோதித்தேன். கண்ணாடிக் குவளை ஒன்று கேட்டு வாங்கி, கானில் இருந்த நீரை ஊற்றிக் கலக்கிவிட்டு வைத்தேன். அயடின் படாத நீர் அது. கொஞ்ச நேரத்தில் பழுப்புத் துணுக்குகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே மேலே ஏறின. கண்ணாடியில் பிசுக்கு ஒட்டவில்லை. விரலில் தேய்த்தால் தூள்; மணந்தால் காய்ந்த வைக்கோல் வாடை. “இது எண்ணெயும் அல்ல, மருந்தும் அல்ல. உயிர்” என்றேன்.

“இருக்கட்டும்” என்றார் அதிகாரி. “இதை எல்லைக்கு உள்ளே அள்ளியதாக அவரே சொல்கிறார். வெளியே கிடப்பதும் இதுதான் என்று எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் வரைபடம் மறுக்கிறதே?”

நியாயமான கேள்வி. நீங்கள் கேட்டிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். பதில் தெரியாமல் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அன்றைய வரி: முதலாம் கட்டம் ‘நிறைய’, இரண்டாம் கட்டம் ‘நிறைய’, மூன்றாம் கட்டம் ‘கொஞ்சம்’, நான்காம் கட்டம் ‘காணல்ல’. ஐந்திலும் ஆறிலும் ‘இல்லை’. ஒன்றரை வருடமாக இந்தச் சொற்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ‘காணல்ல’ என்றாலும் பூச்சியம், ‘இல்லை’ என்றாலும் பூச்சியம், மற்றவர்கள் வெறுமையாக விட்ட கட்டங்களுக்கும் பூச்சியம். அப்படித்தான் கணினிக்குள் ஏற்றியிருந்தேன். ஒரே மனிதர் ஒரே வரியில் ஏன் இரண்டு சொல் எழுதுகிறார் என்று அந்தக் கதிரையில் வைத்துத்தான் முதன்முதலில் யோசித்தேன்.

“நானா, நாலாம் கட்டத்தில காணல்ல எண்டு எழுதியிருக்கிறீங்கள். அஞ்சில இல்லை எண்டிருக்கு. ரெண்டும் ஒண்டுதானே?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

“எப்பிடி மிஸ் ஒண்டாகும்? காணல்ல எண்டா, நான் போய்ப் பாத்தனான், அங்க கிடக்கல்ல. இல்லை எண்டா, அங்கால போக அனுமதி இல்லை. முதல்ல நான் முழுசாத்தானே எழுதினனான்? நீங்கதான், கட்டத்துக்கு வெளிய போகுது, ஒரு சொல்லில எழுதுங்க எண்டு ஏசினீங்க.”

முதற் பக்கங்களைப் புரட்டினேன். ‘போக அனுமதி இல்லை.’ ‘போக அனுமதி இல்லை.’ கட்டத்தை விட்டு வழிந்து பக்கத்து ஓரம் வரை அவருடைய உருண்டைக் கையெழுத்து. மூன்றாம் கிழமைப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘சுருக்கி எழுதவும்’ என்றிருந்தது. அது என் கையெழுத்து. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

மற்ற நால்வரும் எழுதாமல் விட்டதை இந்த ஒருவர்தான் எழுதியிருக்கிறார். போகாத இடத்துக்குப் போகவில்லை என்று நாள் தவறாமல் சொல்லியிருக்கிறார். அவருடைய நேர்மையை நான் என் கையாலேயே பாதி வெட்டி, மீதியைப் பூச்சியமாக்கியிருக்கிறேன்.

அதிகாரிக்கு விளக்கினேன். தமிழில் பொருள் இல்லாவிட்டாலும் ‘இல்லை’தான், அனுமதி இல்லாவிட்டாலும் ‘இல்லை’தான் என்றேன். மொழிபெயர்ப்பாளரும் முதற் பக்கத்தை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “ஓம் ஐயா, அப்பிடியும் வரும். நான் யோசிக்கேல்லை” என்று அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னார். “இன்று காலை அங்கே படலம் கிடந்ததை உங்கள் ஆட்களே கண்டிருக்கிறார்கள்” என்று நான் தொடர்ந்தேன். “எல்லையில் நின்ற இவருக்கும் அது தெரிந்திருக்கும். அப்படியும் இல்லை என்று எழுதியிருக்கிறார் என்றால், அந்தச் சொல் படலத்தைப் பற்றியதே அல்ல. உங்கள் எல்லையைப் பற்றியது.”

அவர் மேசை இலாச்சியைத் திறந்து, பாஸ் எல்லை கீறிய தம்முடைய வரைபடத்தை எடுத்து, சுவரில் என்னுடையதற்குப் பக்கத்தில் பிடித்தார். எல்லைக் கோடு கொட்டியாரக் குடாவுக்கு வெளியே ஓரிடத்தில் உள்ளே வளைந்து வெளியே வரும். என் பிளாந்தன்களும் அதே இடத்தில் வளைந்திருந்தன.

“மேடம், உங்கள் உயிர்கள் என் உத்தரவுக்கு நன்றாகக் கீழ்ப்படிகின்றன” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானாதான், அதிகாரி என்ன சொன்னார் என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டு, தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த நிலையிலும்!

“எனக்கு விளங்குகிறது. ஆனால் மேலிடத்துக்கு நான் காகிதம் காட்ட வேண்டும். சுவரில் இருக்கும் காகிதம் இவருக்கு எதிராக இருக்கிறது. அது பிழை என்று எழுதித் தருவீர்களா?” என்றார் அதிகாரி. மணி பன்னிரண்டரை.

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துத் தரக் கேட்டேன். தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல; ஆனால் அடுத்த மாதம் அந்த வரைபடத்தோடு வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றுக்குப் போக இருந்தார்.

“அவசரப்படாதையும். மேலும் ஆராய வேண்டியிருக்கு எண்டு ஒரு வரி எழுதிக் குடும், போதும். பிழை எண்டு மட்டும் எழுதிப்போடாதையும். பிறகு உம்மட பேரையும் என்ர பேரையும் ஆர் மதிக்கிறது?” என்றார்.

வேறு ஒரு நாளாக இருந்தால் அவர் சொன்னது சரிதான். நம் தொழிலில் ‘மேலும் ஆராய வேண்டும்’ என்பது ஒழுக்கமான வாக்கியம். நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வரியின் பொருள் வேறு. வாகனம் இரண்டு மணிக்குப் போகும். நாங்கள் ஆராய்ந்து முடிக்கும்வரை றபீக் நானா கொழும்பில் இருப்பார். தவிர, அது உண்மையும் அல்ல. ஐந்தாம் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே ஒருவரும் போகவில்லை என்பது நிச்சயமாகத் தெரியும். தெரியாததைத் தெரியாது என்றும், தெரிந்த பிழையைப் பிழை என்றும் எழுத வேண்டும். இந்த இரண்டையும் குழப்பித் தப்பிக்கிற பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒரு தாள் வாங்கி எழுதினேன். ‘சுவரில் உள்ள வரைபடம் பிழையானது. எல்லைக்கு அப்பால் எவரும் சென்று பார்க்கவில்லை. பார்க்காத இடத்தை வெறுமையான இடமாகக் காட்டியது என் தவறு. இந்த மீனவர் தம் புத்தகத்தில் சரியாகவே எழுதியிருக்கிறார்.’ கையெழுத்தும் பதவியும் போட்டேன். தாளை அதிகாரியிடம் நீட்டினேன்.

அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். ரோந்துப் படகை மறுபடி அனுப்பி, வெளியே கிடந்ததில் ஒரு வாளி அள்ளிவரச் செய்தார். அதையும் குவளையில் ஊற்றினோம். அதுவும் அப்படியே மேலே ஏறியது. ஒன்றே முக்காலுக்கு நானாவின் பாஸைத் திருப்பிக் கொடுத்தார். சுவரிலிருந்து வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி என்னிடம் தந்தார்.

வெளியே வந்து வாசலில் நின்றோம். “நானா, மன்னிச்சுக்கொள்ளுங்க” என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் கானைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “இனிக் கட்டத்தைக் கொஞ்சம் பெருசாக் கீறுங்க மிஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். இரண்டு கிழமைக்குப் புத்தகம் வரவில்லை. அதை எழுத வீட்டில் விடவில்லையாம். மூன்றாம் கிழமை வந்தது. அதற்குள் நான் பெரிய கட்டங்களோடு புதுப் புத்தகம் கட்டி வைத்திருந்தேன்.

தலைவர் வரைபடமில்லாமல் கூட்டத்துக்குப் போனார். ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போகாத கட்டங்களை நீக்கிவிட்டு மாதிரியை மறுபடி ஓட்டினேன். கத்தியால் வெட்டிய ஓரம் காணாமற்போயிற்று. என் இரும்புக் கதையும் அதோடு போயிற்று. எல்லைக்கு அப்பால் வெள்ளையாக விட்டு, ‘போகவில்லை’ என்று எழுதினேன். பல வருடங்கள் அந்த வெள்ளை அப்படியே கிடந்தது. பக்கத்துக் கட்டங்களை வைத்து நிரப்பலாமே என்று கெட்டிக்காரர்கள் பலர் வந்து சொன்னார்கள். நான் விடவில்லை. முரட்டுக் கிழவி என்று எனக்குப் பெயர் வந்ததும் அப்போதுதான். உங்களுக்கும் அந்தப் பெயர் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் வரைபடம் காட்டியவர் இதை வாசித்துக்கொண்டிருந்தால், நாளைக்கே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். எந்தப் பூச்சியம் ‘காணல்ல’, எந்தப் பூச்சியம் ‘இல்லை’ என்று இருவருமாகப் பிரிப்போம். தேநீர் நான் தருகிறேன்.

சண்டை முடிந்து எல்லை எடுக்கப்பட்டபோது நான் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. றபீக் நானாவின் தாடி முழுக்க நரைத்திருந்தது. அவருடைய படகிலேயே, அதே சித்திரை மாதத்தில், ஒரு காலை புறப்பட்டோம். பழைய எல்லையைத் தாண்டினோம். ஐந்தாம் கட்டத்தின் நடுவில் இயந்திரத்தை நிறுத்தினார். மரத்தூள் நிறையக் கிடக்கும் என்று எவ்வளவு ஆசையோடு போனேன் தெரியுமா! சுற்றிவரச் சுத்தமான நீல நீர். இரண்டு மணி நேரம் பார்த்தோம், வலையும் இழுத்தோம். ஒரு துணுக்குக்கூட அகப்படவில்லை.

நானா புத்தகத்தை முழங்காலில் வைத்து, பெரிய கட்டத்துக்குள் நிதானமாக எழுதி என்னிடம் நீட்டினார். ‘காணல்ல’.

அன்று பின்னேரம் அலுவலகத்துக்கு வந்து, ஐந்தாம் கட்டத்துக்கு நேரே பூச்சியம் போட்டேன். அந்தக் கட்டத்துக்கு நான் முன்பு போட்ட நூற்றுக்கணக்கான பூச்சியங்களில் ஒன்றுகூட உண்மையல்ல. இது உண்மை.